காரணம் எண் நான்கு

அந்த ஏழு காரணங்களை எழுதியவன் நான்தான்.
ரெய்க்யாவிக்கில், இரண்டாம் மாடியில்,
காபி ஆறுவதற்குள்.

ஒன்று, பெல்ட் கோளாறு. இரண்டு, மீன் வரவில்லை.
மூன்று, பெட்டி தீர்ந்தது. நான்கு, கத்தி மாற்றம்.
ஐந்து கழுவல், ஆறு இடைவேளை,
ஏழு, மேற்பார்வையாளர் அழைப்பு.
'மற்றவை' என்று ஒன்று வைக்கலாமே என்றார்கள்.
கூடாது என்றேன்.
வைத்தால் எல்லோரும் அதில்தான் போய் விழுவார்கள்,
அறிக்கை குப்பைக்கூடை ஆகிவிடும்.

காட் மீன் வெட்டும் மேசைக்கு ஒரு திரை.
தொண்ணூறு நொடி கை நின்றால் சிவக்கும்,
காரணம் கேட்கும்.
சொல்லாதவரை அடுத்த மீன் வராது.

நவம்பர் முதலே கணக்கு உதைத்தது.
மேற்குக் கரை ஆலையில் மட்டும்
கத்திகள் அப்படி மழுங்கின.
ஒன்பதாம் மேசையில் ஒரே நாளில் பதினொரு முறை.
முள் கெட்டியா, எஃகு மட்டமா?
தலைமையகம் நாற்பது புதுக் கத்திகள் அனுப்பியது.
மழுங்கல் கூடியது.
பிப்ரவரியில் என்னை அனுப்பியது.

சின்ன விமானம், பிறகு பனியில் ஊரும் பேருந்து.
ரப்பர் பூட்ஸ் தந்தார்கள், ஒரு அளவு பெரியது.

முதலில் கண்ணில் பட்டவை மூக்குகள்.
ஈரக் கையுறைக்குத் திரை மசியாது.
கழற்றி மாட்டினால் நாற்பது நொடி போச்சு.
அதனால் குனிந்து, மூக்கு நுனியால் தொடுகிறார்கள்,
முத்தமிடப் போய்ப் பாதியில் தயங்கியவர்கள்போல.
ஹல்பெரா ஆறடி, முதுகைப் பிடித்துக்கொண்டு வளைகிறாள்.
மிரோஸ்வாவா, கவிழ்த்த மீன்பெட்டிமேல் ஏறி நின்று எட்டுகிறாள்.
பதினான்கு திரையிலும் மூக்குத் தடம்,
நான்காம் கட்டத்தின்மேல் அப்பிக்கொண்டு.

மதியம் ஒருத்தி மேசையை விட்டு நகர்ந்தாள்.
எங்கே என்று பக்கத்தில் கேட்டேன்.
"நாலுக்குப் போயிருக்கிறாள்."
கத்தி மேசைமேலேயே கிடந்தது.
பெருவிரல் ரோமத்தில் இழுத்துப் பார்த்தேன். மழித்தது.

நாலு என்றால்
போஷேனாவின் மகன் க்தான்ஸ்கில் பரீட்சை முடித்து அழைக்கும் நேரம்.
நாலு என்றால் விறைத்த விரலை அக்குளில் செருகி நிற்பது.
பால் கட்டிய மார்பு.
காரணம் தனக்கே தெரியாத அழுகை.
தூக்கம் நின்றபடியே வந்துவிடுவது.
போலிஷில் ஒரு நாலு, ஐஸ்லாண்டிக்கில் ஒரு நாலு,
வாய் பேச முடியாத தொமாஷ் உயர்த்தும் நான்கு விரல்.

ஜனவரி இருபத்தைந்து, காலை பதினொன்று நாற்பது.
பதினான்கு மேசையும் ஒரே நொடியில் கத்தி மாற்றியதாக
ஒரு செங்குத்துக் கோடு.
சென்சார் பழுது என்று குறித்து மூடியிருந்தேன்.
அதைக் கேட்டதும் சிரித்தார்கள்.
மலை மறைத்து வைத்திருந்த சூரியன்
இரண்டு மாதம் கழித்து அன்றுதான்
ஆலை ஜன்னலுக்கு வந்ததாம்.
ஆறு நிமிடம்.

எட்டாவதாக ஒரு பொத்தான் வைத்துத் தருகிறேன்,
என்ன பெயர் வேண்டும், சொல்லுங்கள் என்றேன்
மேற்பார்வையாளர் ஸ்டெய்ன்வோரிடம்.
கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்,
அனுப்பிய நாற்பதில் ஒன்றால்.
மிச்சம் முப்பத்தொன்பது பெட்டி பிரிக்காமல் அலமாரியில்.
"பெயர் வைத்தால் எண்ணுவீர்கள்" என்றாள்.
"எண்ணினால் குறைக்கச் சொல்வீர்கள்.
இந்தத் துண்டில் திராட்சை அதிகம், எடுத்துக்கொள்ளுங்கள்."

அன்றிரவு விடுதியில் எழுதினேன்:
இப்பகுதிக் குளிரில் எஃகு சீக்கிரம் களைக்கிறது.
'களைக்கிறது' எஃகுக்குப் பொருந்துமா என்று
கொஞ்சநேரம் யோசித்தேன்.
மாற்றவில்லை.
மென்பொருளில் குறை ஏதும் இல்லை.
கத்திகள் தொடர்ந்து அனுப்பலாம்.

விமான நிலையத்தில் இருக்கை தேர்வு செய்யும் இயந்திரம்.
இரண்டு கையிலும் பை, கையில் உறை, பின்னால் வரிசை.
சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தேன்.
கண்ணாடி சில்லென்றிருந்தது.
பன்னிரண்டாம் வரிசையைக் குறிவைத்தேன், பதினான்கு விழுந்தது,
கழிவறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாதது.
அதிலேயே உட்கார்ந்து வந்தேன்.